நூற்றெட்டுக் கண்ணி

சித்திரை வெயிலில் புதுச்சேரி மேட்டுப்பாளையம் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். எங்கள் கம்பெனியில் மட்டும் ஆட்கள் உல்லன் குல்லா போட்டுக்கொண்டு டீ குடிக்க வெளியே வருவார்கள். எதிர்க் கம்பெனி வாட்ச்மேன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் என்னை நிறுத்திக் கேட்டார்.

"ஏம்மா, உங்க கம்பெனியில இன்னாதான் செய்யறாங்க?"

"ஐஸ்கிரீம்" என்றேன்.

அவருக்குத் தெளியவில்லை. ஐஸ்கிரீமுக்கும், பலாப்பழத் தோல் மாதிரி முள்ளு முள்ளாகப் பின்னிய குல்லாவுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

சம்பந்தம் ஒரு மனுஷி. பேக்கிங் பிரிவுக்கு அவள்தான் சூப்பர்வைசர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்ற எல்லா இடத்திலும் அவள் குல்லாக்கா. நான் அங்கே பில் போடுகிற வேலையில் இருந்தேன். என் மேசைக்கும் அவள் மேசைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். நான் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கை ஓடிக்கொண்டிருந்தது மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

செய்த ஐஸ்கிரீமை அடுக்கி வைக்கிற கோல்டு ரூம் ஒரு கல்யாணக் கூடம் அளவுக்கு இருக்கும். உள்ளே போனால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கம்பெனி ஜாக்கெட் கொடுத்தது, கையுறை கொடுத்தது, பூட்ஸ் கொடுத்தது. தலையை மட்டும் மறந்துவிட்டது. கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். அது பரிசீலனையில் இருந்த காலத்தில்தான் குல்லாக்கா ஊசியைக் கையில் எடுத்தாள்.

அது சாதாரண ஊசி இல்லை. இரண்டு மூங்கில் குச்சி, நடுவில் ஒரு வழவழப்பான ஒயர். ஸ்கிப்பிங் கயிற்றை யாரோ நறுக்கிச் சின்னதாக்கியது போல இருக்கும். அவள் அம்மா வீட்டு வேலை செய்துகொண்டிருந்த வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது, ஒரு பை நிறைய வேண்டாத சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் இது இருந்தது. நூலைக் கண்ணி கண்ணியாக ஊசியில் ஏற்றி, முதலையும் கடைசியையும் சேர்த்துவிட்டால், அப்புறம் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகலாம். குல்லா ஒரு குழாய் மாதிரி வளரும். கடைசியில் உச்சியைக் குறுக்கி முடிச்சுப் போட்டால் வேலை தீர்ந்தது. பின்பக்கம் ஒட்டுத் தையல் கிடையாது. "தையல் இருந்தா படுக்கறப்ப உறுத்தும்" என்பாள் குல்லாக்கா. கோல்டு ரூமில் யாரும் படுப்பதில்லை என்று சொன்னால் காதில் வாங்கமாட்டாள்.

பின்னக் கற்றுக்கொண்டது செல்போனில். வீடியோவில் ஒரு வெள்ளைக்கார அம்மா மூக்குக் கண்ணாடியை நுனி மூக்கில் நிறுத்திக்கொண்டு பிரெஞ்சில் பேசிக்கொண்டே பின்னுவாள். புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குல்லாக்காவுக்குத் தெரிந்தது போன்ழூரும் மெர்சியும்தான். "கையப் பாத்தா போதாதா? வாய என்னாத்துக்குப் பாக்கணும்?" என்பாள். வீடியோ தொடங்கியதும் அந்த அம்மா ஒரு சின்னச் சதுரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நீளமாக ஏதோ சொல்வாள். அந்த இடம் வந்ததும் குல்லாக்கா விரலால் தள்ளிவிடுவாள்.

"இது கைக்குட்டை போடறது. நமக்குக் குல்லாதான வேணும்?"

எத்தனை கண்ணியில் ஆரம்பிக்க வேண்டும் என்பதும் பிரெஞ்சிலேயே போய்விட்டதால், குல்லாக்கா தானே ஒரு கணக்கை முடிவு செய்தாள். பிள்ளையாருக்கு நூற்றெட்டு சுற்று, அம்மனுக்கு நூற்றெட்டு போற்றி, குல்லாவுக்கு நூற்றெட்டு கண்ணி. உயரத்துக்கு அதில் பாதி. நூல் ஒல்லியாக இருந்தாலும் நூற்றெட்டு, தாம்புக் கயிறு மாதிரி இருந்தாலும் நூற்றெட்டு. ஒல்லி நூலில் போட்டால் அது தேங்காய்க்குத்தான் ஆகும், தடி நூலில் போட்டால் தேங்காய் மூட்டைக்கே ஆகும் என்பது உங்களுக்கு இதைப் படிக்கும்போதே புரிந்திருக்கும். எங்களுக்கும் புரிந்தது. கம்பெனியில் டீ கொண்டுவருகிறவர் உட்பட எல்லோருக்கும் புரிந்தது.

ஆனால் அவளிடம் சொல்ல முடியாது. அவளுடைய குல்லா ஒருநாளும் தப்பாக வந்ததே கிடையாது. தலைதான் தப்பாக வரும்.

முதல் குல்லா காசிம் பாய்க்கு. கோல்டு ரூமில் பெட்டி அடுக்குகிறவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், பொறுமைசாலி. அவருக்குக் கூடைப் பின்னலில் பச்சைக் குல்லா. போட்டதும் அது கண்ணைத் தாண்டி மூக்கில் வந்து உட்கார்ந்தது. பாய் மெதுவாக ஒரு மடிப்பு மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார். மூன்றாவது மடிப்பில் முகம் தெரிந்தது. தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு கூடைக்காகக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

குல்லாக்கா அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். "குல்லா நல்லா வந்திருக்கு பாய். உங்க தலைதான் கொஞ்சம் பத்தல."

"என்னா தங்கச்சி பண்றது? அல்லா குடுத்தது அவ்ளோதான்" என்றார் பாய்.

"முடி வளத்துப் பாருங்க."

பாய்க்கு அந்த வயதில் வளர்க்க முடி இல்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டினார். ஆட்டியதில் குல்லா மறுபடியும் மூக்குக்கு இறங்கியது.

அடுத்தது மேனேஜர். அவருக்கு ஒல்லி நூல் அமைந்துவிட்டது, பலாத்தோல் டிசைன். அது அவர் உச்சந்தலையில் இட்லி மாதிரி உட்கார்ந்துகொண்டது. இழுத்துவிட்டால் பட்டென்று மேலே ஏறிக்கொள்ளும். குல்லாக்கா அவர் தலையைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். "சின்ன வயசுல குப்புறப் படுக்க வெச்சிருக்க மாட்டாங்க சார். அதான் இப்படி அகலமாயிடுச்சி." மேனேஜர் அன்று முழுக்கப் பின்மண்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டார் என்றும் கேள்வி.

டிசைன்களுக்கு அவள் வைத்திருந்த பெயர்கள் எல்லாம் சமையலறைப் பெயர்கள்தான். பலாத்தோல், முறுக்கு, புட்டு மாவு. விரலால் தடவிப் பார்த்தால் நிஜமாகவே அப்படித்தான் இருக்கும். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஒரு கண்ணிகூட நழுவியிருக்காது. உலகத்திலேயே அழகான குல்லா, யார் தலைக்கும் ஆகாத குல்லா.

இன்னொரு பழக்கமும் உண்டு. கூப்பிட்டால் வரமாட்டாள். "சுத்து முடியட்டும்" என்பாள். சுற்று எங்கே தொடங்கியது என்று தெரிவதற்கு ஊசியில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டியிருப்பாள். அது அடிக்கடி எங்காவது தெறித்து விழுந்துவிடும். அப்புறம் சுற்று எப்போது முடியும்? கம்பெனி வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார், இவள் பின்னிக்கொண்டே இருப்பாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஏற்றுவேன். வேனில் எல்லோரும் என்னைத்தான் முறைப்பார்கள்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகளோடு இருந்தாள். ஒருநாள் வேனில் வரும்போது, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னாள்.

"அண்ணி நல்லவதான்டீ. ஒரு வார்த்த கடிஞ்சி பேசமாட்டா. ஆனா அது அவ சமையக்கட்டு. உப்பு டப்பா எங்க இருக்கணும்னு ஒருநாளாவது நான் சொல்லணும். நா வெச்ச எடத்துல அது இருக்கணும். அவ்ளோதான் எனக்கு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முன்பெல்லாம் பெண் பார்க்க வந்தவர்கள் இவளை வேண்டாம் என்பார்கள். நிறம் கம்மி, வயசு ஜாஸ்தி, வேலைக்குப் போகிற பெண் வாய் பேசும் என்று ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போவார்கள். குல்லா பின்ன ஆரம்பித்த பிறகு நிலைமை தலைகீழானது. மாப்பிள்ளையின் போட்டோ வந்ததும் குல்லாக்கா நூல் வாங்கிவிடுவாள். அவர்கள் வருவதற்குள் குல்லா தயாராகிவிடும். காபிக்குப் பிறகு தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டுவாள். மாப்பிள்ளை தலையில் போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் அவள் தீர்ப்பு சொல்வாள்.

ஒருவருக்குக் குல்லா நெற்றியில் மாட்டிக்கொண்டு கழற்ற வரவில்லை. அண்ணனும் மாப்பிள்ளையின் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வந்தபோது நெற்றியில் முறுக்கு டிசைன் அப்படியே பதிந்திருந்தது. "தலை சரியில்ல" என்று சொல்லிவிட்டு குல்லாக்கா உள்ளே போய்விட்டாள். அடுத்து வந்தவருக்கு வாய்வரை இறங்கியது. அவர் அம்மா எழுந்து நின்று கேட்டாள்: "இது தலைக்கா, தவலைக்கா?" அந்தச் சம்பந்தமும் அன்றோடு முடிந்தது.

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வரும். ஒரு குல்லாவுக்காக ஒரு வாழ்க்கையைத் தள்ளிவிடுகிறாளே என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன். பிறகுதான் புரிந்தது. மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் அவள் முந்திக்கொள்கிறாள். எத்தனை பேர் அவளை ஏற இறங்கப் பார்த்துக் குறை கண்டுபிடித்திருப்பார்கள்? இப்போது அவளும் ஒரு குறை கண்டுபிடிக்கிறாள். இதைப் புரிந்துகொண்டதால் என் கோபம் ஒன்றும் குறையவில்லை. உப்பு டப்பா அண்ணி வைத்த இடத்திலேயேதான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோல்டு ரூம் கம்ப்ரஸர் படுத்துக்கொண்டது. சரிசெய்ய கோரிமேட்டிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். வயது நாற்பத்துச் சொச்சம். மனிதர்களிடம் பேசமாட்டார். மெஷினிடம் மட்டும் பேசுவார். முதல் நாள் அவர் கம்ப்ரஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, குல்லாக்கா இந்தப் பக்கம் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரியெல்லாம் தூங்கலியா? ஏன் இப்படி உறுமற?" என்று ஒரு குரல் வந்தது.

"யாரு உறுமறது?" என்று இவள் சிலிர்த்துக்கொண்டாள்.

மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. "உங்களச் சொல்லல. இவனச் சொன்னேன்" என்று கம்ப்ரஸரைக் காட்டினார்.

குல்லாக்கா சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததில் பெட்டிக் கணக்கு தவறிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

கம்ப்ரஸர் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. மெக்கானிக் வருவது நிற்கவில்லை. சத்தம் கேட்டதாம், வாசனை வந்ததாம், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துத்தான் கம்ப்ரஸர் மேல் அக்கறை வரும். எங்களோடு உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். குல்லாக்கா பின்னுவதைப் பார்ப்பார். ஒருநாள் அவள் பெருமையாக அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். சதுரத் துண்டு வந்த இடத்தில் வழக்கம்போல விரலை நீட்டினாள்.

"இருங்க, ஓடட்டும்" என்றார் அவர். கடைசிவரை கேட்டார். பிறகு காசிம் பாயின் தலையில் மூன்று மடிப்பாக இருந்த குல்லாவைப் பார்த்தார். ரசம் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் கிளம்பும்போது வாசல் கேட் அருகே பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமா?"

"அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தாரு. நானும் பத்தாவது வரைக்கும் பிரெஞ்சுலதான் படிச்சேன்."

"அப்ப அந்த அம்மா என்னாதான் சொல்லுது?"

"முதல்ல ஒரு சதுரம் பின்னி, அளந்து பாக்கச் சொல்லுது. ஒவ்வொரு நூலுக்கும் கண்ணிக் கணக்கு மாறுமாம். பாக்காம போட்டா குல்லா தலையில நிக்காதுன்னு ரெண்டு தரம் சொல்லிச்சி."

"இத அக்காகிட்ட சொல்லலாமில்ல?"

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "என்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இந்த ஆள் புத்திசாலியா அசடா என்று அன்று எனக்குப் பிடிபடவில்லை.

மெக்கானிக் வந்துபோகிற விஷயத்தைக் குல்லாக்காவின் அண்ணன் காதில் போட்டது காசிம் பாய். அண்ணன் விசாரித்தார். மெக்கானிக் நல்ல மனிதர், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, கூடப்பிறந்தது ஒரே ஒரு அக்கா மட்டும்தான், கையில் தொழில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியாகிவிட்டது. குல்லாக்கா அந்த வாரம் முழுக்கக் காரணமே இல்லாமல் எல்லோரிடமும் எரிந்து விழுந்தாள். அவளுக்கு இவரைப் பிடித்திருக்கிறது என்பதற்கு அதைவிட அத்தாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

நூல் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். வழக்கமாக வாங்குகிற நூலை எடுத்துப் போட்ட கடைக்காரரிடம், "இது வேணாம், நல்லதா காட்டுங்க" என்றாள். அவர் இருப்பதிலேயே உயர்ந்ததை எடுத்து வைத்தார். சாம்பல் நிறம், பஞ்சு மாதிரி மெத்தென்று, என் சுண்டுவிரல் தடிமன். பிடிக்காத மாப்பிள்ளைகளுக்கெல்லாம் ஒல்லி நூல், நடுத்தர நூல். பிடித்தவருக்கு இது. நூற்றெட்டு கண்ணியில்.

"அக்கா, இந்த நூலுக்கு ஒரு அறுபது போட்டாலே போதும்க்கா."

"அறுபதா? நல்ல காரியத்துக்கு யாராவது அறுபது போடுவாங்களாடீ?"

"தலைய அளந்தாவது பாத்துட்டுப் போடுக்கா."

"அளவெடுக்கறதுக்கு நான் என்ன டைலரா? நாலு தரம் பாத்த தல எனக்குத் தெரியாதா?"

கடைக்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

மறுநாள் நானும் காசிம் பாயும் கூட்டுச் சதி செய்தோம். மதியம் சாப்பிட்டுவிட்டு மெக்கானிக் அட்டைப் பெட்டிகள்மேல் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பாய் சணல் ஒன்றை எடுத்துக்கொண்டு பூனை மாதிரி போய், அவர் தலையைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். சணலை அப்படியே கொடுத்தால் குல்லாக்கா வாங்கமாட்டாள். அதனால் நான் அன்று சாயங்காலம் அந்தச் சணலோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். தர்பூசணிக் குவியலில் ஒவ்வொரு பழமாக எடுத்துச் சணலை மாட்டிப் பார்த்தேன். பழக்காரம்மா முதலில் சிரித்தாள். பிறகு பயந்தாள்.

"என்னாம்மா தேடற?"

"ஒருத்தர் தலை."

அவள் தன் முக்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள். கச்சிதமாக அந்த அளவுக்கு ஒரு பழம் கிடைத்தது. அடுத்த நாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து குல்லாக்காவின் மேசையில் வைத்தேன். பாதி வளர்ந்திருந்த குல்லாவை இதற்கு மாட்டிப் பார்த்தால் அவளுக்கே தெரிந்துவிடும், நாம் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை என்பது திட்டம். பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்து, எப்படிப் பேச்சை எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனேன். பேக்கிங் பிரிவே கூடியிருந்தது. நடுவில் குல்லாக்கா கத்தியோடு நின்றாள்.

"வெயிலுக்கு நல்லா கொண்டாந்தடீ. வா, நீயும் ஒரு துண்டு எடுத்துக்க."

மெக்கானிக்கின் தலையை நாங்கள் ஆளுக்கொரு கீற்று தின்றோம். அவரும் ஒரு கீற்று தின்றார். கொட்டையைத் துப்பிவிட்டு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "நேத்து அளந்தீங்களே, எவ்ளோ வந்துச்சி?"

நான் திடுக்கிட்டேன். "நீங்க தூங்கலியா?"

"பாய் கை ஐஸா இருந்துச்சி. யாரு தூங்குவா?"

ஞாயிற்றுக்கிழமை துணைக்கு நானும் முத்தியால்பேட்டை போனேன். மாடிப்படி செங்குத்து, ஒரு ஆள் மட்டும் ஏறலாம், கைப்பிடியும் கிடையாது. ஏறி வந்த மெக்கானிக்கின் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தாள். காபி வந்தது. பஜ்ஜி வந்தது. மழை, மின்கட்டணம், கோரிமேடு டிராஃபிக் எல்லாம் பேசித் தீர்ந்தது. அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே பார்த்து, "அதெல்லாம் இன்னைக்கு வேணாம்மா" என்று சொல்லிக்கூடப் பார்த்தார். குல்லாக்கா தட்டோடு வந்துவிட்டாள்.

குல்லா தட்டை மூடிக்கொண்டு எல்லாப் பக்கமும் தொங்கியது. ஒரு வரிசை முறுக்கு, ஒரு வரிசை பலாத்தோல். அந்தத் தடி நூலில் ஒவ்வொரு பலா முள்ளும் கொழுக்கட்டை அளவுக்கு இருந்தது. அப்படி ஒரு அழகான குல்லாவை அவள் அதற்கு முன்னும் பின்னும் பின்னவில்லை. தட்டை அவர் முன்னால் நீட்டினாள்.

மெக்கானிக் இரண்டு கையாலும் வாங்கித் தலையில் போட்டுக்கொண்டார். நெற்றி போயிற்று. கண் போயிற்று. மூக்கு போயிற்று. மோவாய்க்குக் கீழே போய்க் கழுத்தில் உட்கார்ந்தது. நாற்காலியில் சட்டை போட்ட ஒரு கொழுக்கட்டைக் குவியல் இருந்தது.

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் ஒரு வார்த்தை, 'தலை சரியில்ல' என்ற அந்த வார்த்தை வந்தால் எல்லாம் முடிந்தது. குல்லாக்காவின் முகம் வெளுத்திருந்தது. இந்த முறை அவளுக்கு அதைச் சொல்ல விருப்பமில்லை என்று எனக்குத் தெரிந்தது. வேறு எதையும் சொல்லி அவளுக்குப் பழக்கமும் இல்லை. அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

குவியலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கரண்ட் போயிடுச்சா?"

அண்ணன் பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். மெக்கானிக்கின் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "டேய், கழட்டுடா அத. ஊருக்கே பெருசா இருக்கு."

"இருக்கட்டும்க்கா. கோல்டு ரூம்ல கழுத்துலதான் குளிர் எறங்கும். எந்தக் குல்லாவும் அதுவரைக்கும் வர்றதில்ல." பிறகு, மெஷினிடம் பேசுகிற அதே மெல்லிய தொனியில் கேட்டார். "என் தலை எப்படிங்க? தேறுமா?"

குல்லாக்கா அவர் எதிரில் நின்று பார்த்தாள். தலை எங்கே தெரிந்தது? ஆனாலும் இடமும் வலமுமாக நன்றாகவே பார்த்தாள்.

"சரியா இருக்கு" என்றாள்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. பஜ்ஜித் தட்டு மடியில் இருந்ததால் தட்டவில்லை.

அதன்பிறகு பெரியவர்கள் நாள் பார்ப்பது பற்றிப் பேசினார்கள். அவ்வளவு நேரமும் அவர் அதைக் கழற்றவில்லை. கிளம்புகிற நேரத்தில் அப்படியே எழுந்து, காற்றில் கையை நீட்டிக்கொண்டு வாசல் என்று நினைத்து அலமாரியை நோக்கி நடந்தார். குல்லாக்கா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். அண்ணனும் அம்மாவும் எதிரில் இருக்கிறார்கள் என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை.

"இப்படி வாங்க. படி செங்குத்து. நான் சொல்றப்ப மட்டும் காலெடுத்து வைங்க."

"சொல்லுங்க" என்றார்.

அவள் முன்னால் பின்பக்கமாக இறங்க, அவர் ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கினார். நாங்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தோம். தெருவுக்கு வந்த பிறகும் அவர் குல்லாவைக் கழற்றவில்லை. அவளும் கையை விடவில்லை. வெயிலில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். எதிர் வீட்டில் துணி காயப்போட வந்தவள் துணியை மறந்துவிட்டாள்.

"டேய், வண்டிய யார்ரா ஓட்டறது?" என்று மெக்கானிக்கின் அக்கா மேலிருந்து கத்தினாள்.

இரண்டு பேருக்குமே காது கேட்கவில்லை. அவர் காதைக் குல்லா மூடியிருந்தது. அவள் காதை ஒன்றும் மூடியிருக்கவில்லை.